வில்சன் பலாசியோஸ்: வீணான பணமா, மறக்கப்பட்ட உழைப்பா?

நடுக்களத்தான்

"ஸ்பர்ஸ் வீணடித்த பணம்" என்று வேறோர் இழையில் போட்டிருந்த பட்டியலில் ஹோண்டுராஸ் நடுக்கள ஆட்டக்காரர் வில்சன் பலாசியோஸ் பெயரைப் பார்த்தேன். ஸ்பர்ஸ் என்றால் லண்டன் கழகமான டாட்டன்ஹாம்தான். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. ஆகவே தனி இழையாகவே தொடங்குகிறேன்.

இவரைப் பற்றி இரண்டு செய்திகள்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று, 2009 ஜனவரியில் டாட்டன்ஹாம் கொடுத்த சுமார் 1.2 கோடி பவுண்டு. மற்றொன்று, 2014 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக வாங்கிய சிவப்பு அட்டை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆட்டக்காரரை யாரும் பேசுவதில்லை.

1984 ஜூலை 29 அன்று ஹோண்டுராஸின் கரீபியக் கடற்கரை நகரமான லா செய்பாவில் பிறந்தவர். வீடே கால்பந்து வீடு. மில்டன், ஜெரி, ஜானி என்று சகோதரர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். தலைநகர் தெகுசிகல்பாவின் ஒலிம்பியா அணியில்தான் பெயர் எடுத்தார். 2007 கோடையில் ஆர்சனலில் பயிற்சிக்கு வந்தார். அதன் மேலாளர் ஆர்சென் வெங்கர் ஒப்பந்தம் போடவில்லை. ஆனால் "இவரைப் பாருங்கள்" என்று பர்மிங்ஹாம் மேலாளர் ஸ்டீவ் புரூஸிடம் சொல்லி அனுப்பினார். இரவல் ஒப்பந்தத்தில் பர்மிங்ஹாம் போனார். அந்த நவம்பரில் புரூஸ் விகன் கழகத்துக்கு மாறினார். 2008 ஜனவரியில் பலாசியோஸையும் அங்கே அழைத்துக்கொண்டார். விலை சுமார் 10 லட்சம் பவுண்டு. சரியாக ஓராண்டில் அதே ஆளை டாட்டன்ஹாம் பன்னிரண்டு மடங்கு கொடுத்து வாங்கியது.

அந்த ஓராண்டில் விகனின் நடுக்களத்தை அவர் எப்படிக் கட்டியாண்டார் என்பதைப் பார்த்தவர்கள் யாரும் "வீண்" என்ற சொல்லை எடுக்க மாட்டார்கள். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

தாமிரபரணி

நான் பிரீமியர் லீக் பார்க்கத் தொடங்கியதே 2012-இல்தான். எனக்கு அவர் ஸ்டோக் அணியின் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு முகம், அவ்வளவுதான். விகனில் அப்படி என்ன செய்தார், அண்ணா?

நடுக்களத்தான்

தம்பி, பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவரை மட்டும் கவனித்தால் புரியும். தரையில் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டுபவர்கள் பலர் உண்டு. சறுக்கினால் ஒரு கணம் நாமும் ஆட்டத்தில் இல்லை. பலாசியோஸ் பெரும்பாலும் நின்றபடியே பறிப்பார். எதிராளி பந்தைத் தன் முன்னால் அரை அடி தள்ளும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, தோளை உள்ளே நுழைத்து, பந்துக்கும் ஆளுக்கும் நடுவில் தன் இடுப்பைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். பந்து கிடைத்ததும் காலடியில் நிற்கும். அங்கிருந்து நாலு எட்டு வேகமாக ஓடி, அருகில் இருப்பவருக்கு எளிய பாஸ். இந்த "நாலு எட்டு" முக்கியம். பந்தைப் பறித்த இடத்திலேயே நின்றுவிடாமல், கலைந்து கிடக்கும் எதிரணியின் நடுவே அதை ஓட்டிக்கொண்டு போகும் வலு அவரிடம் இருந்தது.

விகனில் பக்கத்தில் லீ கேட்டர்மோல், வலப்புறம் ஈக்வடாரின் வலென்சியா. பெரிய பணமில்லாத அணி. 2008-09 பருவத்தை 11ஆம் இடத்தில் முடித்தது. அதன் முதல் பாதியில் பலாசியோஸ் அங்கே இருந்தார்.

கடைசி விசில்

நடுக்களத்தான் ஐயாவின் மதிப்பீட்டில் பாதியை ஏற்கிறேன். விகன் பலாசியோஸ் அபாரமானவர், மறுப்பதற்கில்லை. ஆனால் டாட்டன்ஹாம் பலாசியோஸைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

2010 மே 5 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? நான்காம் இடம் யாருக்கு, சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று யாருக்கு என்பதைத் தீர்மானித்த ஆட்டம். கிரவுச் தலையால் அடித்த கோலில் 1-0. அந்த இரவில் நடுக்களத்தின் மையத்தில் தொடங்கியவர்கள் ஹடில்ஸ்டனும் மோட்ரிச்சும். பருவத்தின் மிக முக்கியமான ஆட்டத்தில் டாட்டன்ஹாம் மேலாளர் ரெட்நாப் பந்து பறிப்பவரை விட்டுவிட்டு, பந்து கொடுக்கத் தெரிந்த இருவரைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

பலாசியோஸின் பாஸ் பக்கவாட்டில்தான் போகும். முன்னால் மூன்று பேரைக் கடந்து போகும் பந்து அவர் காலில் இருந்து அரிதாகவே வந்தது. தவறான நேரத்தில் செய்யும் ஃபவுல்களும் மஞ்சள் அட்டைகளும் வேறு. பெரிய அணியின் நடுக்களத்துக்கு அது போதாது.

நடுக்களத்தான்

கடைசி விசில், நீங்கள் பருவத்தின் கடைசி வாரத்தில் இருந்து கணக்கைத் தொடங்குகிறீர்கள். நான் தொடக்கத்தில் இருந்து வருகிறேன்.

2008 அக்டோபரில் ஹாரி ரெட்நாப் பொறுப்பேற்றபோது டாட்டன்ஹாம் எட்டு ஆட்டங்களில் இரண்டே புள்ளிகளோடு பட்டியலின் அடியில் கிடந்தது. ஜனவரியில் முன்கள ஆட்டக்காரர் டிஃபோ திரும்பினார், பலாசியோஸ் வந்தார், பிப்ரவரி தொடக்கத்தில் ராபி கீனும் திரும்பினார். அந்தப் பருவம் எட்டாம் இடத்தில் முடிந்தது. அடுத்த பருவத் தொடக்கத்திலேயே, 2009 ஆகஸ்ட் இறுதியில், பர்மிங்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் மோட்ரிச்சின் கால் எலும்பு முறிந்தது. டிசம்பர் பிற்பகுதிவரை அவர் இல்லை. அந்த நான்கு மாதங்கள் அணி முதல் வரிசையை விட்டு நழுவாமல் இருந்ததற்கு நடுக்களத்தைத் தாங்கியவர்களில் பலாசியோஸ் முதன்மையானவர். மே மாதத்தில் அந்தச் சிட்டி ஆட்டம் "தீர்மானிக்கும் ஆட்டம்" ஆனதே இலையுதிர் காலத்தில் சேர்த்த புள்ளிகளால்தான்.

பக்கவாட்டுப் பாஸ் என்கிறீர்கள். அருகில் இருப்பவர் மோட்ரிச் என்றால் பக்கவாட்டில் கொடுப்பதைவிடச் சரியான முடிவு வேறு எது?

செங்காந்தள்

இவ்வளவு தூரம் வந்தும் யாரும் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதவில்லை. தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதை விட்டுவிட்டு இவருடைய ஆட்ட வாழ்க்கையைப் பேச முடியாது.

2007 அக்டோபர் இறுதியில், பலாசியோஸ் பர்மிங்ஹாமில் விளையாடிக்கொண்டிருந்தபோது, லா செய்பாவில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் ஆயுதங்களோடு புகுந்தவர்கள் கடைசித் தம்பியைக் கடத்திச் சென்றார்கள். பதின்வயதுச் சிறுவன். குடும்பம் பிணைப்பணம் கொடுத்தது. சிறுவன் திரும்பவில்லை. 2009 மே மாதத்தில்தான் உடல் எச்சங்கள் கிடைத்தன. டாட்டன்ஹாம் எவர்டனோடு விளையாட லிவர்பூல் போயிருந்த வேளை அது. செய்தி வந்ததும் பலாசியோஸ் அணியை விட்டுப் புறப்பட்டு நாடு திரும்பினார்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடத்தல் 2007 அக்டோபர். விகன் ஒப்பந்தம் 2008 ஜனவரி. டாட்டன்ஹாம் ஒப்பந்தம் 2009 ஜனவரி. உடல் கிடைத்தது 2009 மே. இங்கிலாந்தில் அவருடைய ஏறுமுகம் முழுவதும், தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அந்த ஒன்றரை ஆண்டுக்குள் நடந்தது. சனிக்கிழமை தோறும் களமிறங்கி, எதிராளி பந்தைத் தள்ளும் அரை அடியைக் கவனித்துப் பறித்துக்கொண்டிருந்த ஆள், வாரம் முழுவதும் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார்.

இதைச் சொல்வது அனுதாபம் தேடுவதற்காக இல்லை. பிற்காலத்தில் அவர் தவறவிட்ட ஒவ்வொரு பாஸுக்கும் இந்தத் துயரத்தைக் காரணம் காட்டுவதும் எனக்குப் பிடிக்காது. அது அவரை ஆட்டக்காரராகவே மதிக்காமல் போவதாகிவிடும். ஆனால் "பெரிய ஆட்டங்களுக்கு மன உறுதி போதவில்லை" என்று யாராவது எழுதினால் அதை நான் ஏற்க மாட்டேன்.

கடைசி விசில்

செங்காந்தள், மன உறுதி பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். என் வாதம் ஆட்ட நுட்பம் பற்றியது மட்டுமே. நீங்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன்.

மணல்மேடு

பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் ஹோண்டுராஸ்காரர் இவர்தானா?

வைகைக்கரை

இல்லை, மணல்மேடு. 2000-இல் சண்டர்லாந்து மில்டன் நூனியஸ் என்ற முன்கள ஆட்டக்காரரை வாங்கியது. லீகில் ஒரே ஒரு ஆட்டத்தில், அதுவும் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியதோடு அவர் கதை அங்கே முடிந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் ஹோண்டுராஸ் பக்கம் இங்கிலாந்தில் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

பலாசியோஸின் உண்மையான கொடை அங்கேதான் இருக்கிறது என்பேன். அவர் விகனுக்குப் போன அதே மாதம் ஒலிம்பியாவில் இருந்து மேனர் ஃபிகெரோவாவும் அங்கே வந்தார். பலாசியோஸ் டாட்டன்ஹாம் போனபின் 2009-இல் அதே ஒலிம்பியாவில் இருந்து ஹென்ட்ரி தாமஸ், அதே வகை நடுக்கள ஆட்டக்காரர். சின்ன நாட்டில் இருந்து ஒருவர் போய் நிலைத்துவிட்டால், அடுத்தவரைப் பார்க்க வரும் தேர்வாளர் பாதி முடிவோடுதான் விமானம் ஏறுகிறார். ஃபிகெரோவா 2009 டிசம்பரில் ஸ்டோக்குக்கு எதிராகத் தன் பாதியில் கிடைத்த ஃப்ரீ கிக்கை நேரே வலைக்குள் அடித்தாரே, அந்தக் கோலைத் தேடிப் பாருங்கள். இழையின் தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் பார்க்காமல் விடக்கூடாத கோல்.

தாமிரபரணி

பார்த்துவிட்டேன். கோல்கீப்பர் பின்னோக்கி ஓடி வருவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பொழுதடை

கழக ஆட்டம் பற்றியே பேசுகிறோம். தேசிய அணியைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன்.

1982-இல் ஸ்பெயினில் ஹோண்டுராஸ் முதன்முதலாக உலகக் கோப்பை ஆடியது. போட்டியை நடத்திய ஸ்பெயினையே 1-1 என்று நிறுத்தியது. அதன்பின் 28 ஆண்டுகள் வாய்ப்பில்லை. 2009-இல் தகுதிச் சுற்றின் நடுவே, ஜூன் 28 அன்று, அதிபர் ஸெலாயாவை ராணுவம் நாட்டை விட்டே வெளியேற்றியது. ஊரடங்கு, தெருப் போராட்டம், இரண்டாகப் பிரிந்த நாடு. அந்தச் சூழலில் பயிற்சியாளர் ரெய்னால்டோ ருவேதாவின் அணி ஆடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 10 அன்று சொந்த மண்ணில் அமெரிக்காவிடம் 2-3 என்று தோற்றார்கள். நான்கு நாள் கழித்துக் கடைசி ஆட்டம், சான் சால்வடோரில் எல் சால்வடோருக்கு எதிராக. பவோன் கோலில் 1-0 வெற்றி. ஆனால் அது மட்டும் போதாது. வாஷிங்டனில் கோஸ்டா ரிக்கா அமெரிக்காவை 2-1 என்று முந்திக்கொண்டிருந்தது. அப்படியே முடிந்தால் நேரடித் தகுதி கோஸ்டா ரிக்காவுக்கு. கூடுதல் நேரத்தில், 95ஆவது நிமிடத்தில், அமெரிக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஜோனதன் போர்ன்ஸ்டீன் தலையால் அடித்த பந்து வலைக்குள் போனது. 2-2. ஹோண்டுராஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, தாங்கள் ஆடாத ஓர் ஆட்டத்தில் விழுந்த கோலுக்காக ஒரு நாடே தெருவில் இறங்கி ஆடியது.

அந்த அணியின் நடுக்களத்தில் அமாடோ கெவாரா பந்தை வழிநடத்துவார், பலாசியோஸ் அவருக்குக் காவல். தம்பியின் உடல் கிடைத்து ஐந்தே மாதங்கள்.

2010-இல் இன்னொன்றும் நடந்தது. ஜானி, வில்சன் இருவரும் அணியில் இருந்தார்கள். ஹூலியோ சேசர் டி லியோன் காயத்தால் விலக, அவர் இடத்துக்கு ஜெரி அழைக்கப்பட்டார். உலகக் கோப்பை அணி ஒன்றில் மூன்று சகோதரர்கள் இடம்பெற்றது அதுவே முதல் முறை. ஆட்டத்தில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. சிலியிடம் 0-1, ஸ்பெயினிடம் 0-2, சுவிட்சர்லாந்தோடு 0-0. ஒரு கோலும் அடிக்காமல் திரும்பினார்கள்.

மணல்மேடு

பொழுதடை, இதை வாசித்தபின் அந்த 2009 ஆண்டை எண்ணிப் பார்க்கிறேன். ஜனவரியில் பெரிய ஒப்பந்தம், மே மாதத்தில் மரணச் செய்தி, ஜூனில் நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு, அக்டோபரில் உலகக் கோப்பைத் தகுதி. ஒரே மனிதருக்கு ஒரே ஆண்டில்.

கடைசி விசில்

பிரேசில் 2014-க்கு வருவோம். அந்தச் சிவப்பு அட்டையைத் தவிர்த்துவிட்டு இந்த இழை முடியக் கூடாது.

ஜூன் 15, போர்ட்டோ அலெக்ரே. முதல் அட்டை அரை மணி நேரம் ஆவதற்குள். பந்துக்காகப் பிரான்ஸின் போக்பாவோடு மோதி, அவர் விழுந்தபின் மேலே மிதித்தார். போக்பா படுத்தபடியே காலால் உதைத்தார். இருவருக்கும் மஞ்சள் அட்டை. அந்த அட்டையைச் சுமந்துகொண்டிருப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? ஆளைத் தொடாமல் ஆட வேண்டும். ஆனால் 43ஆவது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்குள், பந்தை வாங்கப் போன அதே போக்பாவின் முதுகில் போய் மோதினார். பெனால்டி, இரண்டாம் மஞ்சள், வெளியேற்றம். பென்சிமா அடித்தார். இடைவேளைவரை 0-0 என்று பிடித்துவைக்க இரண்டு நிமிடங்கள்தான் பாக்கி. பத்துப் பேரோடு ஆடி 0-3 என்று தோற்றார்கள். முப்பது வயதை நெருங்கும் அனுபவசாலி செய்யக்கூடிய காரியமா அது?

நடுக்களத்தான்

செய்யக்கூடாத காரியம்தான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை மட்டும் சேர்க்கிறேன்.

2011 ஆகஸ்ட் 31 அன்று, கிரவுச் போன அதே நாளில், அவரும் ஸ்டோக் போனார். சுமார் 60 லட்சம் பவுண்டு. அங்கே முழங்கால் காயம் அவரை விடவில்லை. டோனி பியூலிஸ் காலத்திலும் சரி, 2013-இல் வந்த மார்க் ஹியூஸ் காலத்திலும் சரி, தொடர்ச்சியாக ஆட வாய்ப்பு அமையவில்லை. பந்து பறிப்பவருக்கு ஆட்டத் தொடர்ச்சி மூச்சு மாதிரி. முன்பு சரியான கணத்தில் நுழைந்த தோள், ஆட்டம் குறைந்த உடம்பில் கால் நொடி தாமதமாக வந்து சேரும். பந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆள்தான் இருப்பார். போக்பா மீதான அந்த மோதலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எண்ணம் பழைய பலாசியோஸின் எண்ணமேதான், உடல்தான் பிந்திவிட்டது.

கடைசி விசில்

இதுவரை நீங்கள் வைத்ததில் வலுவான வாதம் இது. ஆனால் சரிவு ஸ்டோக்குக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்று தருகிறேன்.

2011 பிப்ரவரி 15, மிலன், சான் சீரோ. சாம்பியன்ஸ் லீக். நடுக்களத்தில் பலாசியோஸும் சாண்ட்ரோவும். மோட்ரிச் அறுவைச் சிகிச்சை முடிந்து மாற்று ஆட்டக்காரராகத்தான் இருந்தார். எதிரே கட்டூசோ, ஃப்ளமினி, நடுக்களத்துக்கு ஏற்றப்பட்ட தியாகோ சில்வா, அவர்களுக்கு முன்னால் சேடோர்ஃப். லென்னன் ஓடிக் கொடுத்த பந்தில் கிரவுச் அடித்து 1-0. டாட்டன்ஹாம் வரலாற்றின் பெரிய இரவுகளில் ஒன்று. பலாசியோஸ் அங்கே மிகச் சிறப்பாக ஆடினார், ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 9 அன்று இரண்டாம் கட்ட ஆட்டம். தொடக்க அணியில் சாண்ட்ரோவும் மோட்ரிச்சும். காலிறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்திலும் அதே இருவர். சாண்ட்ரோ 2010 ஆகஸ்டில் வந்தவர், இளையவர், பந்தையும் பறிப்பார், முன்னாலும் கொடுப்பார். அணிக்கு இன்னும் சிறந்தவர் கிடைத்துவிட்டார். இதில் யாருக்கும் அநீதி நடக்கவில்லை.

செங்காந்தள்

அநீதி நடந்தது என்று யாரும் சொல்லவில்லையே. "வீண்" என்ற சொல்லுக்குத்தான் மறுப்பு. நீங்களே சொல்லும் சான் சீரோ இரவில் இருந்தவர், மோட்ரிச் இல்லாத நான்கு மாதங்களில் இருந்தவர், அடித்தளத்தில் கிடந்த அணி எட்டாம் இடத்துக்கு ஏறியபோது இருந்தவர். இரண்டரை ஆண்டு வேலை வாங்கிவிட்டு, போட்ட பணத்தில் ஏறத்தாழ பாதியையும் திரும்பப் பெற்றது அந்தக் கழகம். ஒன்றுமே ஆடாமல் போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது இவர் பெயர் ஏன் அந்தப் பட்டியலில்?

மேற்கு வாசல்

மத்திய அமெரிக்கா என்றால் எல் சால்வடோரின் மாகிகோ கொன்சாலஸைச் சொல்லாமல் என்ன விவாதம்? ஸ்பெயினில் அவர் ஆடிய காடிஸ் நகர மக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நடுக்களத்தான்

மேற்கு வாசல், மாகிகோவுக்குத் தனி இழை வேண்டும், அவரைப் போகிற போக்கில் பேசக்கூடாது. எல் சால்வடோரின் தேசிய மைதானத்துக்கே அவர் பெயர். நீங்கள் தொடங்குங்கள், நான் வருகிறேன்.

செங்காந்தள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இலவசமாகக் கிடைக்காத ஒன்றை ஹோண்டுராஸ் அவரிடம் இருந்து பெற்றது. தேசிய அணிக்கு ஏறத்தாழ நூறு ஆட்டங்கள், இரண்டு உலகக் கோப்பைகள். தம்பியை இழந்த நாட்டுக்கே ஒவ்வொரு தகுதிச் சுற்றுக்கும் திரும்பிப் போய் ஆடினார். 2012 வாக்கில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 90 கொலைகள் என்று உலகிலேயே மோசமான நிலையில் இருந்த நாடு அது. "காயம்", "களைப்பு" என்று சொல்லி இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம். 2015-இல் ஸ்டோக்கை விட்டார், 2016-இல் மயாமி எஃப்சி. அதன்பின் எங்கே போனார் தெரியுமா? மீண்டும் ஒலிம்பியாவுக்கே.

தாமிரபரணி

அண்ணா, அவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

நடுக்களத்தான்

சான் சீரோ. முதல் பாதி போதும். பந்தைப் பார்க்காதே, சேடோர்ஃபைப் பார். அவர் பந்து வாங்க நகரும் ஒவ்வொரு முறையும் அருகில் யார் வந்து நிற்கிறார்கள் என்று கவனி. இடைவேளையில் மிலன் சேடோர்ஃபை எடுத்துவிட்டுப் பாட்டோவை இறக்கியது.

கடைசி விசில்

தாமிரபரணி, அதைப் பார்த்து முடித்ததும் சிட்டி ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஹடில்ஸ்டன் கொடுக்கும் நீண்ட பாஸ்களை எண்ணுங்கள். பிறகு வந்து நடுக்களத்தான் ஐயாவிடம் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். பட்டியல் இழையில் பலாசியோஸ் பெயரை எடுக்கச் சொல்லி நானும் எழுதிவிட்டேன். ஆனால் மோட்ரிச்சுக்குப் பக்கத்தில் என் தேர்வு இன்றும் சாண்ட்ரோதான்.